சியாமா சாஸ்திரி 200: சேலத்தில் எந்த நாளைக் குறிப்பது?

சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி தஞ்சாவூரில் மறைந்தது 1827 பிப்ரவரி 6. அப்படியானால் 2027 பிப்ரவரி 6 அன்று 200 ஆண்டு நிறைகிறது. சேலத்தில் சங்கீத விழா நடத்தும் எந்தக் குழுவும் அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் வட்டமிடலாம். ஆனால் பஞ்சாங்கத்தைத் திறந்தால் அந்த நாளில் சாஸ்திரியின் திதி இல்லை. அவர் மறைந்தது தை மாத வளர்பிறை தசமி. 2027 பிப்ரவரி 6 தை அமாவாசை. தசமிக்கும் அமாவாசைக்கும் நடுவே இருபது திதி இடைவெளி.

நினைவு நாள் குறிப்பதில் இருக்கும் சிக்கல் முழுவதும் இந்த ஒரு உதாரணத்தில் அடங்கிவிடும். நம் இசை வரலாற்றில் ஒருவருக்கு மூன்று வகை நாள் உண்டு: ஆங்கிலத் தேதி, திதி, நட்சத்திரம். மறைவுக்குத் திதியும் பிறப்புக்கு நட்சத்திரமும் மரபு. 20-ஆம் நூற்றாண்டுக் கலைஞர்களுக்கு ஆங்கிலத் தேதியே வழக்கமாகிவிட்டது. எந்தக் கணக்கில் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யாமல் மண்டபத்துக்கு முன்பணம் கட்டினால், நோட்டீஸில் ஒரு தேதி, கோயில் அர்ச்சனைக்கு ஒரு தேதி, பத்திரிகைச் செய்தியில் வேறொரு தேதி என்று ஆகிவிடும்.

சாஸ்திரியின் திதியைத் தேடினாலும் ஒரே விடை வராது. தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் சூரிய மாதத்தை வைத்துத் திதி பார்ப்பவை. சூரியன் மகரத்தில் இருக்கும் தை மாதத்துக்குள் வரும் வளர்பிறை தசமி என்று எடுத்தால், அது 2027 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி வரும். தெலுங்கு, கன்னடக் குடும்பங்கள் சந்திர மாதம் பார்ப்பவை. 1827-இல் அந்தத் தசமி மாக மாதத்து வளர்பிறையில் வந்தது. மாக சுத்த தசமி என்று கணக்கிட்டால் 2027-இல் அது பிப்ரவரி 16, செவ்வாயை ஒட்டி விழும். தமிழ்க் கணக்கில் அதற்குள் மாசி பிறந்திருக்கும். ஆக, ஒருவருக்கு ஒரே ஆண்டில் மூன்று நாள்: ஜனவரி 17, பிப்ரவரி 6, பிப்ரவரி 16. மூன்றும் தவறல்ல. வேறு வேறு கணக்கு, அவ்வளவுதான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் ஒரே தெருவில் பேசும் சேலத்தில், விழாக் குழுவிலேயே இரண்டு பஞ்சாங்கக்காரர்கள் இருப்பது சாதாரணம். நாள் குறிக்கும் கூட்டத்தில் இதை முதலிலேயே பேசித் தீர்த்துவிடுவது நல்லது.

இனி, நடைமுறையில் எது சரிப்படும்? ஜனவரி 17 பொங்கல் விடுமுறைக்குள் வருகிறது. வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள் என்பது லாபம். ஆனால் பாட வேண்டிய குடும்பங்களில் பாதி சொந்த ஊருக்குப் போயிருக்கும். பொங்கலை ஒட்டிய நாட்களில் ஏற்காடு மலைப்பாதையில் வண்டி நகராது. மலையில் இருப்பவர்கள் கீழே வர முடியாது. பிப்ரவரி 16 வேலைநாள். மாலையில் ஆறு மணிக்கு முன் தொடங்க இயலாது. பிப்ரவரி 6 சனிக்கிழமை. தை அமாவாசை என்பதால் காலையில் தர்ப்பணம், கோயில் என்று எல்லோரும் கட்டுண்டிருப்பார்கள், மாலை முழுக்கக் காலியாக இருக்கும். அமாவாசையில் முகூர்த்தம் வைக்க மாட்டார்கள் என்பதால் கல்யாண மண்டபமும் கிடைக்கும். நாகஸ்வர, தவில் வித்வான்களும் கிடைப்பார்கள். தை மாதத்தில் மற்ற நாட்களில் அவர்களைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது ஏற்பாடு செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதே பிப்ரவரி 6-க்கு இன்னொரு சிறப்பும் உண்டு. புஷ்ய மாதத்து அமாவாசை புரந்தரதாசரின் ஆராதனை நாள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், பிள்ளையார் கீதங்கள் என்று நாம் இன்றும் மாயாமாளவகௌளையில் தொடங்கும் பாடத்திட்டத்தை வகுத்தவர் என்று மரபு அவரைச் சொல்கிறது. சேலத்துக் கன்னடக் குடும்பங்களில் தேவர்நாமம் (கன்னட பக்திப் பாடல்) பாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் அரை மணி நேரம் குழந்தைகள் கீதமும் பெரியவர்கள் தேவர்நாமமும் பாட, அதற்குப் பிறகு சியாமா சாஸ்திரி என்று அமைத்தால் ஒரே மாலையில் இரண்டு நினைவும் முறையாக நடக்கும். அன்று உலகின் வேறு பகுதியில் வளைய சூரிய கிரகணம் உண்டு. தென் அமெரிக்கா, அட்லாண்டிக், மேற்கு ஆப்பிரிக்கப் பக்கம் தெரியும். இந்தியாவில் தெரியாது. தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துவிட்டு யாராவது "கிரகணம், கோயில் நடை சாத்துவார்கள்" என்று கிளப்பினால் குழப்பம் வேண்டாம்.

எங்கள் பரிந்துரை இது: ஜனவரி 17 அன்று காலை, பொங்கல் கூட்டம் பாராமல், பத்துப் பேர் மட்டும் ஓர் அம்மன் சன்னிதியில் அமர்ந்து திதியை ஒட்டி ஒரு கிருதி பாடலாம். பொது விழாவை பிப்ரவரி 6 மாலைக்கு வைக்கலாம். நோட்டீஸில் "200 ஆண்டு நிறைவு" என்று மட்டும் அச்சிடுங்கள். "திதி" என்ற சொல் அந்த நோட்டீஸில் வர வேண்டாம்.

இங்கே ஆண்டுகளின் பெயரையும் கவனிக்க வேண்டும். சாஸ்திரி மறைந்தது விய ஆண்டில். 60 ஆண்டுச் சுழற்சியில் விய மறுபடி வந்தது 1886, 1946, 2006, அடுத்தது 2066. ஆகவே 200 என்ற எண்ணுக்கும் நம் சுழற்சிக்கும் உறவில்லை. அது ஆங்கில நூற்றாண்டுக் கணக்கு. தியாகராஜருக்கோ 2027 வேறு விதமாகப் பொருந்துகிறது. அவர் சமாதியானது 1847 ஜனவரி 6, பராபவ ஆண்டு, புஷ்ய பகுள (தேய்பிறை) பஞ்சமி. 2026 ஏப்ரலில் பிறக்கும் தமிழாண்டும் பராபவ. 60 ஆண்டு வட்டம் மூன்று முறை சுற்றி, 2027 ஜனவரியில் 180-ஆவது ஆராதனை அதே பெயருள்ள ஆண்டில் வருகிறது. 180 என்பதை யாரும் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. நம் கணக்கில் அதுதான் நிறைவான எண்.

ஆராதனைத் தேதி ஏன் ஆண்டுதோறும் ஓடுகிறது என்று கேட்கிறவர்களுக்கு: பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் சுமார் 354 நாள், ஆங்கில ஆண்டைவிட 11 நாள் குறைவு. அதனால் தேதி பின்னோக்கி வரும். 2024-இல் ஜனவரி 30, 2025-இல் ஜனவரி 18, 2026-இல் ஜனவரி 7. இப்படியே விட்டால் மார்கழியையும் தாண்டிப் பின்னால் போய்விடும் என்பதால் 32, 33 மாதத்துக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்று சேர்க்கிறார்கள். 2026 மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை அதிக ஜ்யேஷ்டம். அதனால்தான் 2027 ஆராதனை ஒரேயடியாக ஜனவரி 27-ஐ ஒட்டித் தாவுகிறது. அடிக்கடி நிகழும் பிழை, "தை பகுள பஞ்சமி" என்று நோட்டீஸில் போடுவது. தியாகராஜர் சமாதியான நாளே மார்கழிக்குள் இருந்தது. புஷ்யம் சந்திர மாதம். அதன் பகுள பஞ்சமி மார்கழியிலும் வரலாம், தையிலும் வரலாம். "புஷ்ய பகுள பஞ்சமி" என்றே எழுதுங்கள்.

பஞ்சாங்கம் பார்க்கும்போது இரண்டு எச்சரிக்கை. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் திதி முடியும் நேரத்தில் சில மணி நேரம் வேறுபடும். ஒரு நாள் முன்பின் ஆவது பெரும்பாலும் இதனால்தான். திருவையாற்று விழாவை ஒட்டி நடத்துகிற ஊர்க் குழுக்கள் அங்கே அறிவிக்கும் நாளை அப்படியே எடுத்துக்கொள்வது எளிது. இன்னொன்று, சென்னைக்குக் கணித்த சூரிய உதயம் சேலத்துக்குப் பொருந்தாது. சேலம் மேற்கே இருப்பதால் இங்கே சுமார் 8 நிமிடம் தாமதமாகவே சூரியன் எழும். திதி உதயத்தை ஒட்டி மாறும் அரிய நாட்களில் மட்டும் இது முக்கியம்.

இனி முத்துசுவாமி தீட்சிதர். இவருடைய பிறந்த நாள் விஷயத்தில் நாம் எல்லோரும் அச்சிட்டுக்கொண்டிருக்கும் தேதியே நிற்கவில்லை என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மரபுக் குறிப்பு: மன்மத ஆண்டு, பங்குனி மாதம், கிருத்திகை நட்சத்திரம். பரவலாக அச்சாகும் ஆங்கிலத் தேதி: 1775 மார்ச் 24. அதன்படி 2025 மார்ச்சில் 250 ஆண்டு என்று பல ஊர்களில் விழா எடுத்தார்கள். ஆனால் மன்மத ஆண்டு பிறந்ததே 1775 ஏப்ரலில். பங்குனி தமிழ் ஆண்டின் கடைசி மாதம். மன்மத ஆண்டுப் பங்குனி என்றால் அது 1776 மார்ச், ஏப்ரல்தான்; 1775 மார்ச்சில் நடந்தது ஜய ஆண்டு. நிலவைப் பார்த்தாலும் இது உறுதியாகிறது. பங்குனியில் சூரியன் மீனத்தில் இருக்கும். சந்திரன் கிருத்திகையில் இருக்க வேண்டுமானால் சூரியனிலிருந்து சுமார் 27 முதல் 70 பாகைக்குள் விலகியிருக்க வேண்டும், அதாவது வளர்பிறை மூன்று முதல் ஆறாம் திதிக்குள். 1775 மார்ச் 24 அன்றோ பௌர்ணமி கழிந்து ஒரு வாரம், தேய்பிறை அட்டமியை ஒட்டிய நாள். அன்று சந்திரன் கிருத்திகையில் இருக்க வழியே இல்லை. 1776-இல் அமாவாசை மார்ச் 19-ஐ ஒட்டி வந்தது. கிருத்திகை சரியாக மார்ச் 24-ஐ ஒட்டி அமைகிறது. நாளும் மாதமும் சரி, ஆண்டில் மட்டும் ஒன்று தவறியிருக்கிறது. 250 ஆண்டு நிறைவது 2026 மார்ச்சில். 2025-இல் கொண்டாடியவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓராண்டு முழுக்கக் கொண்டாடி 2026-இல் நிறைவு செய்திருந்தால் இரண்டு கணக்குக்கும் பொருந்தியிருக்கும். அடுத்த பெரிய ஆண்டு வரும்போதாவது இது திருத்தப்பட வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

அவர் எட்டயபுரத்தில் மறைந்தது 1835 அக்டோபர் 21, தீபாவளி. அதுவும் மன்மத ஆண்டுதான். பிறந்த ஆண்டின் பெயரே மறைந்த ஆண்டின் பெயராகவும் அமைந்ததால் "அறுபது" என்று வாய்வழியில் சொல்வார்கள். மேலே சொன்ன கணக்குப்படி அவருக்கு அப்போது 59 நிறைந்திருந்தது. நரக சதுர்த்தசி அன்று விழா வைத்தால் கூட்டம் வராது என்பது எல்லா ஊரிலும் கண்ட உண்மை. எண்ணெய்க் குளியல் முடித்து, பட்டாசு தொடங்கும் முன், வீட்டுக்குள்ளேயே "மீனாக்ஷி மே முதம் தேஹி" பாடுவதே பொருத்தம். அவருடைய இறுதி நேரத்தில் சீடர்கள் பாடியது அந்தக் கிருதி என்பது மரபு. மேடை விழாவை அடுத்த ஞாயிற்றுக்கு நகர்த்தலாம்.

இந்த நாட்காட்டிச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் பிறந்தது 1685 மார்ச் 21 என்று எழுதுவார்கள். அது பழைய ஜூலியன் நாட்காட்டி. இன்றைய கணக்கில் மார்ச் 31. ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700-இல்தான் புதிய நாட்காட்டிக்கு மாறின. அவர்களும் இரண்டு தேதிக்கு நடுவே இன்னும் இழுபட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஐரோப்பிய இசையைப் பேசினோமானால், 1827-இல் இன்னொரு மறைவும் உண்டு. சாஸ்திரி மறைந்து ஏழு வாரத்தில், மார்ச் 26 அன்று, வியன்னாவில் பீத்தோவன் காலமானார். 2027 அவருக்கும் 200. பியானோவும் தேவாலயப் பாடற்குழுவும் உள்ள ஏற்காட்டுப் பள்ளிகளுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் 2027 மார்ச் 26 புனித வெள்ளி. ஈஸ்டர் மார்ச் 28. மிஷன் பள்ளிகளில் அன்று கச்சேரி வைக்க முடியாது. தேர்வுக் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் பிப்ரவரி இறுதி வாரமே சரி. அப்போது நடுவில் வைக்கத்தக்க உருப்படி தீட்சிதரின் நோட்டு சாகித்தியங்கள். மணலியில் இருந்தபோது கோட்டையில் கேட்ட ஆங்கில மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத வரிகள் அமைத்தார் என்பது வரலாறு. சுமார் 40 கிடைக்கின்றன. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள், கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாதவை. மேற்கத்திய முறையில் படித்த பிள்ளைகள் இரண்டு வகுப்பிலேயே பாடிவிடுவார்கள். சுருதியை நாம் கட்டைக் கணக்கில் சொல்கிறோம்: பியானோவின் சி தான் நம் 1 கட்டை, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5; கறுப்புக் கட்டைகள் அரைக் கட்டைகள். குழந்தைகளுக்கு 4 அல்லது 4½ கட்டை வசதி.

மலையில் நடத்துகிறவர்களுக்கு வாத்தியம் பற்றி ஒரு சொல். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் காற்றின் ஈரமும் குளிரும் மாறிவிடும். மிருதங்கத் தோல் ஈரத்தை உறிஞ்சித் தொய்யும், சுருதி இறங்கும். கீழே 5 கட்டைக்குச் சேர்த்துக் கொண்டுபோனது மேலே 4½-க்கும் கீழே நிற்கும். மூடிய காரின் பின்பெட்டியில் வெயில் பட வைத்திருந்தால் முதலில் ஏறி, மேடையில் வேகமாக இறங்கும். குறைந்தது மூன்று மணி நேரம் முன்னதாக அரங்கிலேயே உறையைத் திறந்து வைத்து, நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் முன்புதான் இறுதியாகச் சேர்க்க வேண்டும். வாரை முழுவதும் முன்பே இறுக்கிவிட்டால் பிறகு ஏற்ற இடமிருக்காது.

வெயில் பக்கத்துத் தொந்தரவு வேறு. சாஸ்திரியும் தியாகராஜரும் பிறந்த நாட்கள், ஏப்ரல் 26-உம் மே 4-உம், சேலத்தின் கொடும் வெயிலில் வருகின்றன. மே 4 அக்னி நட்சத்திரம் தொடங்கும் நாள். வீணையில் 24 மெட்டும் (தந்தியை அழுத்தும் உலோகப் பட்டைகள்) தேன்மெழுகில் பதிந்தவை. தகரக் கூரை மண்டபத்தில் மதியம் வைத்துவிட்டால் மெழுகு இளகி மெட்டு அசையும். மேல் ஸ்தாயியில் இடைவெளி குறைவு என்பதால் அங்கேதான் முதலில் அபஸ்வரம் கேட்கும். அந்த மாதங்களில் வீணையைக் காலை எட்டு மணிக்குள் முடியும் நிகழ்ச்சியில் வைப்பது நல்லது.

இப்போது 200-க்கு என்ன பாடுவது என்பதற்கு வருவோம். தியாகராஜருக்குப் பஞ்சரத்தினம் இருக்கிறது: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ, ஐந்தும் ஆதி தாளம், ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் எந்த ஊரிலும் கோஷ்டி கானம் (பலர் சேர்ந்து பாடுவது) கூடிவிடுகிறது. சியாமா சாஸ்திரிக்கு அதுபோல நிற்கக்கூடியது மூன்று ஸ்வரஜதி: பைரவியில் "காமாக்ஷி அனுதினமு", யதுகுல காம்போதியில் "காமாக்ஷி நீ பதயுகமு", தோடியில் "ராவே ஹிமகிரி குமாரி". முதல் இரண்டும் மிச்ர சாபு தாளம், தோடி ஆதி தாளம். ஸ்வரஜதி அதுவரை நாட்டியத்துக்கு உரிய வடிவமாக இருந்தது. ஜதிச் சொற்களை நீக்கி அதைக் கச்சேரிக்குரியதாக்கியவர் சாஸ்திரி. மூன்றையும் பாடினால் சுமார் முக்கால் மணி நேரம். இவற்றைப் பஞ்சரத்தினம் போல ஊர் கூடிப் பாடும் நாள் வர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. பாடுவதற்குக் கடினம் என்று ஒதுக்கிவிடுவதால்தான் அவருக்குக் கூட்டம் சேர்வதில்லை.

கடினம் எங்கே என்று தெரிந்தால் பயிற்சியைத் திட்டமிடலாம். பைரவி ஸ்வரஜதியில் எட்டுச் சரணம். முதல் சரணம் ஸட்ஜத்தில் தொடங்கும், அடுத்தது ரிஷபத்தில், அப்படியே ஏறி எட்டாவது மேல் ஸட்ஜத்தில் தொடங்கும். மனப்பாடத்துக்கு இந்த ஏணி பெரிய உதவி. எந்தச் சரணம் அடுத்தது என்று யாரும் தடுமாற மாட்டார்கள். ஆனால் உச்சியை எட்டும்போது தொண்டை களைத்திருக்கும். பைரவியில் இரண்டு தைவதம் உண்டு: ஏறும்போது உயர்ந்த சதுச்ருதி, இறங்கும்போது தாழ்ந்த சுத்தம். முப்பது பேர் சேரும்போது பாதிப் பேர் ஏறும் இடத்திலும் சுத்த தைவதத்தையே பிடிப்பார்கள், ராகம் கலங்கிவிடும். ஆறாவது சரணம் தைவதத்தில் தொடங்குவதால் அங்கேதான் இது பளிச்சென்று தெரியும். அந்தச் சரணத்தை மட்டும் தனியே, தம்புரா மட்டும் வைத்து, மிருதங்கம் இல்லாமல் பயில வேண்டும்.

மிச்ர சாபுவில் நடக்கும் பிழை வேறு. ஏழு எண்ணிக்கை, மூன்றும் நான்குமாக: தகிட தகதிமி. பழகாத கை, நான்கைச் சுருக்கி மூன்றாக்கிவிடும். ஏழு ஆறாகி, பாட்டு ரூபகம் போல ஓடத் தொடங்கும். கோஷ்டியில் இருவர் இப்படிச் செய்தாலே வரிசை முழுக்க இழுபடும். முதல் மூன்று வாரம் பாட்டே வேண்டாம். "தகிட தகதிமி" சொல்லித் தாளம் மட்டும் போடச் செய்யுங்கள். யதுகுல காம்போதியில் ஆபத்து நேரெதிர்: மெதுவான காலப்பிரமாணம், அதனால் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் கொஞ்சம் இழுத்து, கடைசிச் சரணம் வரும்போது நின்றேவிடும். மிருதங்கக்காரர் கோஷ்டியைப் பின்தொடரக் கூடாது. இங்கே அவர்தான் நடத்த வேண்டும். தோடியில் காந்தாரத்தின் கமகத்தை எல்லோரும் ஒரே அளவில் அசைக்க மாட்டார்கள். குழுவுக்கு நடுவே வீணை ஒன்று இருந்தால் அது வழிகாட்டும். ஹார்மோனியம் வைத்தால் கெடுத்துவிடும்.

சுருதி பற்றி முன்கூட்டியே தீர்மானியுங்கள். ஆண்களுக்கு 1 கட்டை, பெண்களுக்கு 5 கட்டை இயல்பு. எல்லோரும் சேர வேண்டும் என்று 2½, 3 கட்டையில் வைத்தால் பெண்களுக்கு மந்தரம் (கீழ் ஸ்தாயி) கேட்காது, ஆண்களுக்கு மேல் ஸ்தாயி கிழியும். பஞ்சரத்தினத்தில் கூட்டத்தின் பலம் அதை மூடிவிடும். நுணுக்கமான ஸ்வரஜதியில் மூடாது. பெண்கள் பைரவியும் தோடியும் 5 கட்டையில், ஆண்கள் யதுகுல காம்போதியை 1 கட்டையில் என்று பிரித்துக்கொள்வதே மேல். அப்போது ஹெச்சு ஸ்தாயி (உயர்ந்த சுருதி) மிருதங்கம் ஒன்று, தக்கு ஸ்தாயி (தாழ்ந்த சுருதி) மிருதங்கம் ஒன்று தேவை. ஒன்றையே ஏற்றி இறக்கிச் சமாளிக்க முயன்றால் நடுவில் கால் மணி நேரம் கல்லால் தட்டும் ஓசைதான் கேட்கும். தம்புராப் பெட்டியை மைக்குக்கு நேரே வைக்காதீர்கள். பாடுகிறவர்களுக்குப் பின்னால், அவர்கள் காதுக்குக் கேட்கும்படி இருக்கட்டும். முப்பது பேருக்கு நான்கு மைக் போதும். கல்யாண மண்டபத்தில் எதிரொலி அதிகம் என்பதால் மைக் கூடக் கூட வரிகள் கலங்கும்.

பிப்ரவரி 6-க்கு முன் எத்தனை நாள் வேண்டும்? ஏற்கெனவே வர்ணம், கிருதி பாடுகிறவர்களுக்கு வாரம் இரண்டு வகுப்பு என்று வைத்தால் பைரவிக்கு நான்கு மாதம், மற்ற இரண்டுக்கும் சேர்த்து மூன்று மாதம். ஆகவே 2026 ஜூலையில் தொடங்கியாக வேண்டும். நவராத்திரி, தீபாவளி, பொங்கல் எடுத்துக்கொள்ளும் வாரங்களைக் கழித்தால் ஜூலை கூடத் தாமதம்தான். சேலம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பாட்டு, வயலின், மிருதங்கம், நாகஸ்வரம், தவில் எல்லாம் கற்பிக்கிறார்கள். அங்கே படித்து முடித்த பிள்ளைகள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களை முதல் வரிசையில் வையுங்கள்.

சேலத்தில் தியாகராஜர் ஆராதனை நடத்துகிறவர்கள் சேர்க்கத்தக்க இன்னொரு பெயர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் (1781–1874). தியாகராஜரின் சீடர்; சௌராஷ்டிர சமூகத்தவர்; சௌராஷ்டிர மொழியிலும் பாடல் செய்தவர். அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதி வைத்த ஏடுகளும் காகிதச் சுவடிகளும் இல்லையென்றால் தியாகராஜரைப் பற்றி இன்று நாம் அறிந்ததில் பெரும்பகுதி இருக்காது. அவை மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டன. சௌராஷ்டிரக் குடும்பங்கள் இத்தனை வாழும் ஊரில், ஆராதனை மேடையில் அவர் படம் ஒன்றுகூட இல்லாதது குறை. தியாகராஜர் மேல் அவர் பாடிய குரு மங்களாஷ்டகம் பாட அதிக நேரம் ஆகாது. ஜனவரி 27 ஆராதனையில் அதைப் பஞ்சரத்தினத்துக்கு முன் வைக்கலாம்.

2027 டிசம்பருக்கும் ஒரு நூற்றாண்டு இருக்கிறது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டிலிருந்துதான் மியூசிக் அகாடமி பிறந்தது. அது முறையாகத் தொடங்கியது 1928-இல். சென்னையே அதைக் கொண்டாடும்; மாவட்ட ஊர்கள் தனியே செய்ய வேண்டியதில்லை. அந்த மாதத்தில் வித்வான்கள் யாரும் சேலம் வரவும் மாட்டார்கள். அதைவிட 2028-இல் பாடகி எம்.எல். வசந்தகுமாரியின் நூற்றாண்டுக்கு இப்போதே ஆள் பேசி வைக்கலாம். பிறந்தது 1928 ஜூலை 3. ஆங்கிலத் தேதியே போதும், பஞ்சாங்கம் தேவையில்லை. 2028-இல் அது திங்கட்கிழமை. ஆகவே முந்தைய நாள், ஜூலை 2 ஞாயிறு மாலைக்கு மண்டபம் சொல்லிவிடுங்கள்.